வரட்டும், வரட்டும்

செவ்வாய்

பாடத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து வைத்திருந்தேன்: கேள்வி, விளக்கம், உதாரணம், ஜெபம். மூன்றாவது பகுதியில் வேன்காரர் எழுந்து போய்விட்டார்.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும். எங்கள் சபையின் மேல்மாடி அறையில் வாரம் இரண்டு மாலை வகுப்பு நடக்கிறது. ஞானஸ்நானம் எடுக்க வரும் பெரியவர்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்க, என்னைப் போன்றவர்களைப் பழக்குகிற வகுப்பு. முதலில் போதகர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். பிறகு ஆளுக்கு ஒரு சிறு குழுவைக் கையில் கொடுத்துவிட்டார். என் குழுவில் மூன்று பேர். இருவர் நர்ஸிங் படிக்கிற தோழிகள். நான் தும்மினாலும் குறிப்பெடுப்பார்கள். மூன்றாமவர்தான் வேன்காரர். நாற்பது வயதிருக்கும். சலவை செய்த போர்வைகளையும் விரிப்புகளையும் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவர். அவர் மனைவி எங்கள் சபையில் பல வருஷமாக இருக்கிறார். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருப்பார் என்று நினைத்தேன். முதல் நாளே அவர் அதைத் தீர்த்துவைத்தார்.

"அவளுக்காக வர்றதா இருந்தா கல்யாணமான புதுசுலயே வந்திருப்பேன் டீச்சர். இது எனக்கா தோணி வர்றது."

அடுத்த வாரம் ஞாயிறு ஞானஸ்நானம். அதற்கு இரண்டு நாள் முன்னால் போதகர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். பாடம் எடுத்தவரும் அந்த அறையில் இருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தண்ணீரில் இறங்கும்போது சபைக்கு முன்னால் போதகர் கேட்பார்: "இயேசுவை விசுவாசிக்கிறீர்களா?" அவரவர் வாயால் "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் யாரையும் போதகர் தண்ணீரில் அமிழ்த்த மாட்டார்.

இன்றைய பாடம் அந்தச் சொல்தான். விளக்கம் வரை நன்றாகவே போனது. உதாரணம் மட்டும் என்னுடையது இல்லை. என்னோடு பயிற்சி பெறுகிறவர்களில் காப்பீட்டு அலுவலக எழுத்தர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை 'மைக்' என்போம். மைக் தேவைப்படாத குரல் அவருக்கு. போன மாதம் மாதிரிப் பாடம் எடுத்தபோது ஒரு நாயின் கதையைச் சொன்னார். எஜமான் வெளியூர் போய்விட்டார், நாய் வாசலை விட்டு நகரவில்லை, சோறு வைத்தாலும் தொடவில்லை, மழையில் நனைந்துகொண்டே பாதையைப் பார்த்துக் கிடந்தது. "ஒரு நாய்க்கே இவ்வளவு விசுவாசம் இருக்குன்னா, நமக்கு எவ்வளவு இருக்கணும்!" என்று அவர் முடித்தபோது மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதில் ஒரு மூக்கு என்னுடையது. அப்படியொரு உதாரணம் எனக்கு வாழ்நாளில் வராது என்று தோன்றியது. அதனால் அந்த நாயை அப்படியே ஓட்டிவந்து என் பாடத்தில் கட்டிவிட்டேன்.

நர்ஸிங் தோழிகள் 'நாய்' என்று குறித்துக்கொண்டார்கள். வேன்காரர் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். அந்த எஜமான் திரும்பி வந்தாரா?"

கதையில் அது இல்லை. மைக் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

"வந்திருப்பாருண்ணே."

"வந்திருக்க மாட்டாரு." அவர் எழுந்தார். "கடவுளும் இதைத்தான் கேக்கறாருன்னா எனக்கு வேணாம் டீச்சர். இந்த வேலைய நான் ஏற்கெனவே பாத்தாச்சு. அந்த வார்த்தை இனிமே என் வாயில வராது. தப்பா எடுத்துக்காதீங்க."

நாற்காலியை மேசைக்கடியில் சரியாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். கோபமாகக் கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான் நான்காவது பகுதிக்குப் போய் ஜெபித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சட்டையைக் கொடுத்து, மடித்துக்கொண்டே பேசு என்றார்.

"ஏன் வராதுன்னு அவரைக் கேட்டியா?"

"இல்லண்ணி. மூணாவது பகுதி ஓடிட்டிருந்துது."

"அவர் போனப்புறம் என்ன பண்ண?"

"ஜெபம் பண்ணேன்."

"நல்லா பண்ண போ." சட்டையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தார். "நீ இங்க பேசறப்ப நல்லாத்தான் பேசற. அந்த மாடிக்கு ஏறினதும் உன் வாயில வேற எவனோ பேசறான்."

புதன்

நான் பல் செய்கிறவள். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல் கட்டி, செட்டாக்கி, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்புவது எங்கள் பட்டறையின் வேலை. பகலில் பல், மாலையில் சொல் என்று அண்ணி கேலி செய்வார். யாருடைய வாயையும் நாங்கள் பார்ப்பதில்லை. எங்களுக்கு வாய் என்பது வெள்ளை மாவில் வார்த்த அச்சுதான்.

இன்று காலை ஒரு செட் திரும்பி வந்தது. நான் செய்தது. 'கடைவாயில் உறுத்துகிறது' என்று வைத்தியர் எழுதியிருந்தார். அச்சில் மாட்டிப் பார்த்தேன். அழகாக உட்கார்ந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. அச்சு எந்தக் காலத்தில் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறது? கூடவே ஒரு நீலத் தாளும் வந்திருந்தது. அந்த அம்மாள் உண்மையாகவே கடித்துக் காட்டிய தாள். அதை வைத்துப் பார்த்ததும் உயரமாக இருந்த இடம் நீலமாகத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தேய்த்தேன், முடிந்தது.

செட்டைப் பெட்டியில் வைக்கும்போது எனக்கு நேற்றைய வகுப்பு ஞாபகம் வந்தது. இன்னொருவர் வாய்க்குச் செய்த பல்லை எடுத்து என் வாயில் மாட்டிக்கொண்டு பேசியிருக்கிறேன். போதாததற்கு, கேட்டவருக்கு எங்கே வலித்தது என்று பார்க்காமல் அடுத்த பகுதிக்குப் போயிருக்கிறேன். நான் நல்ல ஆசிரியை ஆவேனா என்பது தெரியவில்லை. உறுத்துகிறது என்று திரும்பி வந்ததைத் தேய்க்க எனக்குத் தெரியும். அது ஒன்று நிச்சயமாகத் தெரியும்.

மதிய இடைவேளையில் வேன்காரரின் மனைவிக்குப் போன் செய்தேன்.

"நீயே வந்து கேளும்மா," என்றார் அக்கா. "நான் கேட்டா, உனக்குப் புரியாதுங்கறாரு. நாளைக்குக் காலைல நாங்க ரெண்டு பேரும் துணி எடுக்க வர்ற ஆஸ்பத்திரி பின்வாசல்ல நில்லு. வண்டில ஏறிக்கோ. வண்டி ஓட்டறப்பதான் அவருக்கு வாய் திறக்கும்."

வியாழன்

பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொன்னேன். ஆஸ்பத்திரி பின்வாசலில் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா தூக்கிக் கொடுக்க, அவர் உள்ளே அடுக்கினார். இடுப்பை வளைக்காமல், முழங்காலை மட்டும் மடித்து அடுக்கினார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"மனசு மாத்த வந்தீங்களா டீச்சர்?"

"இல்லண்ணே, கேக்க வந்தேன். செவ்வாய்க்கிழமையே கேட்டிருக்கணும்."

"பெரிய கதை. போர் அடிக்கும்."

"என் பாடத்தை விடவா?"

சிரித்துவிட்டார். மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தோம். நடுவில் அக்கா. வண்டியில் சோப்புத்தூள் வாசனை. இரண்டு திருப்பம் தாண்டியதும் அக்கா முழங்கையால் அவர் விலாவில் ஒரு இடி கொடுத்தார்.

"சொல்றேன் சொல்றேன். மீசை முளைச்சப்ப ஒரு ரொட்டிக் கம்பெனில வேலைக்குச் சேந்தேன் டீச்சர். விடியறதுக்குள்ள கடைகடையா ரொட்டி எறக்கணும். மழை, வெள்ளம், காய்ச்சல், எதுக்கும் லீவு போட்டதில்ல. எம்பொண்ணு பொறந்தப்ப நான் எங்கயோ பன்னு எறக்கிட்டிருந்தேன்."

"அதை இன்னும் நான் மன்னிக்கல," என்றார் அக்கா.

"முதலாளி எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. விசுவாசம்னா இவன்தான், விசுவாசம்னா இவன்தான்னு. எனக்கும் பெருமையாத்தான் இருக்கும். நெஞ்சை நிமித்திக்குவேன். அப்புறம் முதுகுல எலும்பு நகந்துடுச்சு. டாக்டர் மூட்டை தூக்கக் கூடாதுன்னுட்டாரு. முதலாளி ஒரு கூட்டம் போட்டாரு. மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒண்ணு குடுத்து, 'இவ்வளவு விசுவாசமான ஆளை நான் பாத்ததே இல்ல'ன்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க. கைதட்டு ஓயறதுக்குள்ள வண்டிச் சாவிய வாங்கிட்டாரு."

"அந்தக் கடிகாரத்தை மாட்டவும் விட மாட்டேங்கறாரும்மா, தூக்கிப் போடவும் விட மாட்டேங்கறாரு. கட்டிலுக்கு அடியில கெடந்து ஓடுது."

"இப்ப சொல்லுங்க டீச்சர்." அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "நீங்க அன்னைக்கு நாய்னு சொன்னதும், அது நான்தானேன்னு ஆயிடுச்சு. கடவுளுக்கும் நான் விசுவாசமா இருக்கணும்னா, அவரும் என்னைக்காவது ஒருநாள் கைதட்டி அனுப்பிடுவாரு. மறுபடியும் ஒரு கடிகாரம் வாங்க எனக்குத் தெம்பு இல்ல."

பதில் தெரியாதபோது பேசக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. விளக்கம் பகுதியில் நான் வைத்திருந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்தன, ஒவ்வொன்றையும் விழுங்கினேன்.

விடுதியின் பின்பக்கச் சந்துக்கு வந்தோம். இரண்டு பக்கமும் சுவர். வண்டி போக, ஆள் ஒருக்களித்து இறங்கும் இடம்தான் மிச்சம். பின்னாலேயே எடுத்துப் போனால்தான் பின்கதவைத் திறந்து சலவைத் துணியை இறக்க முடியும். அக்கா என்னைத் தாண்டி இறங்கி வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். அதுவரை 'என்னங்க, வாங்க' என்றிருந்தவர் அங்கே போனதும் வேறு ஆளாகிவிட்டார்.

"வரட்டும்... வரட்டும்... வா, வா, வா. ஸ்டீயரிங்கக் கொஞ்சம் ஒடி. ஒடின்னா ஒடி! ம், நேர் பண்ணு. வரட்டும்... வரட்டும்... நில்லு நில்லு!"

வண்டி நின்றது.

"சரி, எறங்குங்க," என்றார் அக்கா.

"பாத்தீங்களா," என்றார் அவர் என்னிடம். "வண்டி பின்னால போறவரைக்கும் புருசனுக்கு மரியாதை கிடையாது. நின்னாத்தான் திரும்பி வரும்."

நான் என் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். சுவரின் காரை மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணே, இப்ப உங்க கண்ணாடில என்ன தெரிஞ்சுது?"

"இங்க என்ன தெரியும்? சுவருதான்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"அவ சொன்னா, வந்தேன்."

"அக்கா மேல உங்களுக்கு அவ்வளவு விசுவாசமா?"

அவர் முகத்தைச் சுளித்தார். "பொண்டாட்டிகிட்டப் போய் எவனாவது விசுவாசம்னு சொல்வானா? அவளை நம்பி வர்றேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு இறங்கப் போனவர், கதவுப் பிடியில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்தார். எனக்குள் ஏதோ சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. தேய்த்த பல் கடைசியில் உட்காருமே, அந்த மாதிரி.

"டீச்சர், சபைல விசுவாசம் விசுவாசம்னு சொல்றீங்களே, அது இதுவா?"

"இதுதான்னு நெனைக்கறேன்ணே. முதலாளிக்கு நீங்க காட்டினது இல்ல. இப்ப பின்னால வந்தீங்களே, இது."

"அப்ப நம்பறேன்னே சொல்லிட்டுப் போலாமே. எதுக்கு முதலாளி வார்த்தை?"

"தெரியல. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"டீச்சர் தெரியலன்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்."

வெளியிலிருந்து அக்கா வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். "உள்ள என்ன பிரசங்கமா நடக்குது? மூட்டை தானா எறங்காது!"

நானும் இறங்கி இரண்டு மூட்டை தூக்கினேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, நான் பல் செய்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெள்ளி

வேன்காரர் வகுப்புக்கு வரவில்லை. காலி நாற்காலி மேசைக்கடியில் அவர் தள்ளிவைத்த மாதிரியே இருந்தது.

வகுப்பு முடிந்ததும் போதகரிடம் போனேன். மைக்கும் அங்கே இருந்தார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாய் வரும் இடத்தில் மைக்கைப் பார்க்காமல் சொல்ல முயன்றேன்.

"என் நாயா?" என்றார் மைக்.

"உங்க நாய்தான்."

"எஜமான் வந்தாரான்னா கேட்டாரு?" அவர் ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடியே யோசித்தார். "எனக்கே தெரியாது. எங்கயோ யாரோ சொல்லக் கேட்டது. இத்தனை தடவ சொல்லிட்டேன், ஒருத்தரும் அதைக் கேட்டதில்ல." பிறகு அந்தப் பெரிய குரலைச் சின்னதாக்கிச் சொன்னார்: "இனிமே அந்த நாயை அவுத்து விடல."

இவரைப் போல் பேச வரவில்லையே என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு நிமிஷத்தில் தன் மிகச் சிறந்த உதாரணத்தை விட்டுக்கொடுத்தாரே, அதற்காகப் பொறாமைப்பட்டிருக்க வேண்டும்.

"ஐயா, அவர் மட்டும் 'நம்பறேன்'னு சொல்லிக்கட்டுமா?" என்று போதகரைக் கேட்டேன். எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடைசி நாற்காலியை அடுக்காமல் அதில் உட்கார்ந்துகொண்டார்.

"கேள்வி நல்ல கேள்விம்மா. அந்த வார்த்தைக்குப் பழைய அர்த்தமே நம்பி இருக்கறதுதான். வேதத்தைத் தமிழ்ல எழுதினவங்க அதுக்காகத்தான் அதை எடுத்தாங்க. அப்புறம் அது தெருவுல போய் முதலாளிங்ககிட்டயும் நாய்ங்ககிட்டயும் மாட்டிக்கிச்சு. நாம மாடிய விட்டு எறங்காததால அது நமக்குத் தெரியல."

"அப்ப மாத்திடலாமே ஐயா?"

"நம்பிக்கைங்கற வார்த்தைக்கு நாம வேற வேலை குடுத்து வெச்சிருக்கோம், வரப்போறத எதிர்பாத்துக் காத்திருக்கறதுன்னு. அது கிடக்கட்டும். அன்னைக்குத் தண்ணில எறங்கறவங்க எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்றாங்க. படிச்சவங்க, படிக்காதவங்க, நேத்து வந்தவங்க, எல்லாரும். அவருக்கு மட்டும் தனியா ஒண்ணு குடுத்து ஓரமா நிக்க வெக்க எனக்கு மனசில்ல. வார்த்தை அதேதான். அது அவர் வாயில பொருந்துதா இல்லையாங்கறது உன் வேலை."

போதகருக்கு நான் பல் செய்கிறவள் என்று தெரியும். தெரிந்துதான் சொன்னாரா என்று கேட்கவில்லை.

வெளியே வந்து வேன்காரருக்குப் போன் செய்து, கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மறுபக்கம் ஓடுகிற வண்டிச் சத்தம்.

"யோசிக்கறேன் டீச்சர்," என்றார். வாங்க என்று கூப்பிட வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை. அவராகத் தோன்றி வந்தவர். அவராகத் தோன்றித்தான் திரும்பி வர வேண்டும்.

செவ்வாய்

பாடத்தை நான்காகப் பிரிக்கவில்லை. கையில் ஒன்றுமில்லாமல் மாடி ஏறுவது, செருப்பில்லாமல் வெயிலில் நடக்கிற மாதிரி இருந்தது.

அவர் வந்திருந்தார். ஈரத் தலையைச் சீவிக்கொண்டு, அதே நாற்காலியில். நர்ஸிங் தோழிகளைப் பார்த்து, "போன வாரம் நான் சொன்ன உதாரணம் தப்பு, அடிச்சிடுங்க," என்றேன். அடித்தார்கள். "இப்ப நீங்க சொல்லுங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதப்ப யாரை நம்பிக் காலை எடுத்து வெச்சிருக்கீங்க? எழுதாதீங்க, சொல்லுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, முதன்முதலாக ஊசி போடக் கை நடுங்கியபோது தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட ஸிஸ்டரைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி, அப்பா சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியதைச் சொன்னாள். இந்தக் குழுவில் அவர்கள் இருவரும் தாங்களாகப் பேசியது இன்றுதான். நான் அவர்களுக்கு இதுவரை என்ன கற்றுக்கொடுத்தேன் என்று யோசித்து எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

வேன்காரர் கடைசி வரை பேசவில்லை. போகும்போது, "வெள்ளிக்கிழமை வர்றேன் டீச்சர். வார்த்தை வருதான்னு அங்க பாப்போம்," என்றார்.

வெள்ளி

போதகரின் அறை. ஒரு பக்கம் போதகர், எதிரே வேன்காரர், சுவரோரம் நான். வாயைத் திறக்கக் கூடாது. நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"விசுவாசம்னா என்னன்னு உங்களுக்குப் புரியுது?" என்றார் போதகர்.

வேன்காரர் தொண்டையைச் செருமினார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் ஐயா. டீச்சர் சொன்ன நாய் உதாரணம் தப்பு."

போதகர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவர் காது திரும்பிய மாதிரி இருந்தது.

"அப்புறம் டீச்சரே வண்டில ஏறி வந்து, எங்க வலிச்சுதுன்னு கேட்டாங்க. தெரியாததைத் தெரியாதுன்னாங்க. கேட்டுச் சொல்றேன்னாங்க, சொன்னாங்க. அதனாலதான் திரும்பி வந்தேன்."

"சரி. விசுவாசம்?"

அவர் சற்று நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'வண்டி, வண்டி, வண்டியைச் சொல்லுங்க' என்று என் உள்ளே ஒருத்தி கத்தினாள். அவர் எதையும் அவசரப்படுத்தவில்லை.

"நான் வண்டி பின்னால எடுக்கறப்ப எம்பொண்டாட்டி பின்னாடி நின்னு சொல்லுவா ஐயா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ எடத்துலேந்து பாத்தா எல்லாம் தெரியும். அவ வான்னா வருவேன், நில்லுன்னா நிப்பேன். அவ என்னைய எங்கயும் இடிக்க விட மாட்டான்னு தெரியும். எனக்கு அதுதான் விசுவாசம்னு படுது. இயேசு அந்த மாதிரி நிக்கறாருன்னு நம்பறேன்."

"சரி, ஒருநாள் நீங்க தப்பா ஒடிச்சிட்டீங்க. சொன்ன பேச்சுக் கேக்கல. அப்ப என்ன பண்ணுவாரு?"

இது என்னைக் கேட்க வேண்டிய கேள்வி. நான் இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

வேன்காரர் சிரித்தார். "நான் ஒடிக்காம இருந்திருக்கேனா ஐயா? அவ கத்துவா. தெருவே கேக்கற மாதிரி கத்துவா. ஆனா வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போயிட மாட்டா. முன்னால எடு, மறுபடி வான்னுவா." சிரிப்பு மெல்ல அடங்கியது. "ரொட்டிக்காரருக்கு என் முதுகு வேண்டியிருந்துது. இவருக்கு என் முதுகுல என்ன வேலை? நான்தான் வேணுமாம். அப்ப அந்தக் கணக்கு வேற, இந்தக் கணக்கு வேற. ரெண்டுக்கும் பேரு மட்டும் ஒண்ணா இருந்துட்டுப் போகட்டும்."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இனிமே நீ பேசலாம்மா."

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதை எழுதும்போது இப்போது சந்தோஷமாக இருக்கிறது.

ஞாயிறு

சபையின் முன்பக்கம் பலகையைத் தூக்கினால் அடியில் தொட்டி. மார்பளவு தண்ணீர். நர்ஸிங் தோழிகள் முதலில் இறங்கி ஏறினார்கள். மூன்றாவது அவர். வெள்ளைச் சட்டை தண்ணீரில் பலூனாக உப்பியது. அவர் அதைத் தட்டி அமுக்கினார். தொட்டியின் விளிம்பில், அவருக்குப் பின்னால், துண்டோடு அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் நான்.

"இயேசுவை விசுவாசிக்கிறீர்களா?" என்றார் போதகர்.

வேன்காரரின் உதடு ஒருமுறை அசைந்து நின்றது. சுவர்க் கடிகாரமும் வண்டிச் சாவியும் அந்த இடைவெளியில் வந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு நிதானமாக, பின்வரிசை வரை கேட்கும்படி சொன்னார்.

"விசுவாசிக்கிறேன்."

போதகர் ஒரு கையை அவர் முதுகில் கொடுத்து, மறு கையால் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். பின்னால் சாய்க்க வேண்டும். அவர் சாயவில்லை. முதுகைக் காப்பாற்றிக் காப்பாற்றிப் பழகிய உடம்பு. பின்பக்கம் ஒன்றும் தெரியாமல் சாயச் சொன்னால் அது கேட்கவில்லை. போதகர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் தலையசைத்தார். மறுபடியும் உடம்பு கட்டையாகவே நின்றது. இதற்கு ஒரு பாடமும் என்னிடம் இல்லை.

அக்கா துண்டை என் கையில் திணித்தார். விளிம்பில் குனிந்தார்.

"வரட்டும்... வரட்டும்..."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைக் சிரித்தது சபை முழுவதும் கேட்டது. போதகர் மட்டும் சிரிக்காமல், காத்திருந்தார்.

"வரட்டும்... வா, வா, வா. நேரா வா. வரட்டும்..."

வேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் முதலில் தளர்ந்தது, பிறகு கழுத்து. போதகரின் கையில் முழுப் பாரத்தையும் கொடுத்து அப்படியே பின்னால் போனார். தண்ணீர் அவரை மூடியது.

எழுந்தபோது மூக்கிலும் காதிலும் தண்ணீர். இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டு, விளிம்பின் பக்கம் திரும்பினார்.

"நேரா வந்தேனா?"

"வந்துட்டீங்க," என்றார் அக்கா.